சேலை சிக்கவில்லை

2023 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மலைப்பாதையில் மர நிழல் விழுந்த இடங்களில் மட்டும் மாசி மாதத்துக் குளிர் மிச்சமிருந்தது. காற்று கிடையாது. சென்னிமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு நானும் என் மனைவியும் மோட்டார் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அறுபத்தெட்டு வயது, அவளுக்கு அறுபத்து மூன்று, வண்டிக்குப் பதினான்கு.

இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிற எனக்கு, அன்று உண்மையில் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல ஏழு மாதம் ஆனது.

நான் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். கையில் அளவுகோல் இல்லாவிட்டாலும் கண் எதையாவது அளந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. சூலூரில் எங்கள் தெருமுனையிலிருந்து சென்னிமலை அடிவாரம் அறுபத்தாறு கிலோமீட்டர். மலை ஏறும் படிக்கட்டு ஆயிரத்து முந்நூற்று இருபது. மனைவியின் முழங்காலுக்கு அது ஒத்துவராது என்பதால் வண்டிப் பாதை. அது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்.

நாற்பத்தொரு வருடமாக இரண்டு சக்கரத்தில் போகிறேன், ஒரு கீறல் கிடையாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது வழக்கம். கம்பெனியில் அடுத்தவர் வார்த்த இரும்பில் நூலளவு குறையிருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டவன் நான். என் ஓட்டுதலை மட்டும் யாரும் பரிசோதித்ததில்லை. கிளட்சைப் பட்டென்று விடுவேன், வண்டி துள்ளும். ஆக்சிலேட்டரைக் குழாய் திறப்பதுபோல் திறப்பேன், மூடுவேன். நிற்க வேண்டிய இடம் வந்த பிறகுதான் பிரேக் ஞாபகம் வரும். ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் தெரியாது, கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. பின்னால் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, மடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும். அவள் சொல்லமாட்டாள் என்பதை நான் நன்றாக ஓட்டுகிறேன் என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கும் மொபெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் வந்த எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. சும்மா உருண்டு போகிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்று நினைப்பவர்கள் நாங்கள். அன்று மலை உச்சியில் கிளம்பும்போதே மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். நான்கு கிலோமீட்டர், லிட்டருக்கு அறுபத்தைந்து, ஆக அறுபது மில்லி மிச்சம்.

முதல் இரண்டு வளைவு நன்றாகவே போனது. இன்ஜின் சத்தமில்லாததால் குரங்குகள் மரத்தில் தாவுவது கேட்டது. வலது காலைப் பின்பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டு கியரில் இருந்திருந்தால் அதுவே வண்டியைப் பிடித்திருக்கும்; அந்த வேலை முழுவதையும் நான் பின்சக்கரத்துக்குள் உரசி நிறுத்தும் ஒரு சின்ன பிரேக் ஷூவின் தலையில் ஏற்றியிருந்தேன். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. காலை அழுத்தினேன். மிதி கீழே போனது, வண்டி நிற்கவில்லை. பயத்தில் முன்பிரேக்கை நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்தேன். வண்டியின் முன்பக்கம் குனிந்து நிமிர்ந்தது. வேன் ஒதுங்கிப் போய்விட்டது. வண்டி விழாமல் நின்றது.

அடுத்து நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். சைடு ஸ்டாண்டைப் போட்டேன். அது சரிவில் நிற்குமா என்று ஆட்டிப் பார்த்தேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

அவள் தார்ச்சாலை ஓரத்தில் இடது கையை வலது கையால் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். தேங்காய் மூடி ஒன்று பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. இன்னொன்று வளைவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

மேலே நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்க, சேலை சக்கரத்துல சிக்கிக்கிச்சுங்களா?”

எங்கள் பக்கத்து மனிதர்கள் முகத்துக்கு நேரே ஒருவரைக் குற்றம் சொல்லமாட்டார்கள். என் தலைநரையைப் பார்த்து, அந்த அம்மா எனக்கு ஒரு வழி விட்டார். அவ்வளவுதான். நான் அதில் புகுந்துகொண்டேன்.

“ஆமாங்க,” என்றேன்.

என் மனைவி தலையைக் குனிந்து சேலையைப் பார்த்தாள். பச்சை நூல் சேலை. ஒரு கிழிசல் இல்லை, ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. சேலை சிக்காமல் இருப்பதற்கென்றே வண்டியின் இடப்பக்கம் கம்பி வலை பதினான்கு வருடமாக இருக்கிறது. அவள் சேலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, சேலை சிக்கிவிட்டது என்று சொன்னாள்.

கையில் கம்பி வைத்துக் கட்டுப் போட்டார்கள். நாற்பத்திரண்டு நாள் கட்டு. அந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் முப்பத்தாறு பேர். முப்பத்தாறு பேரும் அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள். முந்தானையை இழுத்துச் செருகியிருக்க வேண்டாமா, இந்த வயதில் கவனம் வேண்டாமா, வண்டி ஓட்டுகிறவர் பாவம் எவ்வளவு பயந்திருப்பார் என்றார்கள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்காரரிடம் விட்டேன். பின்சக்கரத்தைக் கழற்றியவர் பிரேக் ஷூவை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கருகிய இரண்டு ஷூவையும் செய்தித்தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். கம்பெனியில் குறையுள்ள சாமானை நானும் அப்படித்தான் செய்தவரின் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். அவை இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

கட்டுப் பிரித்த வாரம் அவள் தம்பி காங்கேயத்திலிருந்து மனைவியோடு வந்தார். எனக்கு மைத்துனர். அக்காவின் மேல் உயிர். அவர் மனைவி ஒரு பையைப் பிரித்து இரண்டு ஜோடி சுடிதார் எடுத்து வைத்தார். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று மாம்பழ மஞ்சள். நாத்தனாரை நங்கையா என்று அழைப்பது எங்கள் பக்க வழக்கம்.

“நங்கையா, இனிமேப்பட்டு வண்டில போறதுன்னா இதப் போட்டுட்டுத்தான் போகோணும். சேலை வேண்டவே வேண்டாமுங்க.”

தம்பியும் அதையே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவி தாவணி காலத்துக்குப் பிறகு சேலையைத் தவிர எதையும் உடுத்தியதில்லை. அவள் அந்தத் துணியை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தியிருக்கலாம். அவளும் நிறுத்தியிருக்கலாம், நானும் நிறுத்தியிருக்கலாம். அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருந்தாள். நானும் என்னைக் காப்பாற்றுவதற்காகவே பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவே இல்லை. சந்தைக்கு டவுன் பஸ், கோயிலுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது அவளுக்கு நல்ல காரணமாகக் கிடைத்தது. காந்திபுரத்தில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக்கூடத் தனியாகப் போய்வந்தாள். இரவு படுக்கையில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஓட்டுவதைத் திருத்திக்கொண்டால் போதும், அவள் மறுபடி ஏறுவாள், எல்லாம் சரியாகிவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி எனக்கு நானே கணக்கு முடித்துக்கொண்டேன்.

கலங்கல் சாலையில் வீடு கட்டாத சைட்டுகள் நிறைய உண்டு. அங்கே ஒரு பெண்மணி பெண்களுக்கு இருசக்கர வாகனப் பயிற்சி கொடுத்துவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் விசில். ஜூன் மாதம் ஒரு காலையில் போய் விசாரித்தேன். வீட்டில் அம்மாவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இது என் மூன்றாவது பொய். நாளைக்குக் கூட்டிவரச் சொன்னார். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, எனக்குத்தான் என்றேன். ஸ்கூட்டரோடு நின்ற நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

ஓட்டினேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் வரும்போது வீட்டிலிருந்து ஒரு லிட்டர் தூக்குப்போசி கொண்டுவரச் சொன்னார். பால் வாங்கப் போகிற, பிடி வைத்த எவர்சில்வர் போசி. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, துணியைச் சும்மாடுபோல் சுருட்டிப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்து, போசியை அதில் உட்காரவைத்துப் பழைய டியூப் ரப்பரால் கட்டினார். மூடி போடவில்லை.

“இதுதானுங்க உங்க பின்னாடி உக்காந்திருக்கறவங்க. பத்திரமாக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க.”

மூன்று தெரு சுற்றி, நாலு இடத்தில் நின்று திரும்பி வந்தேன். போசியில் கால்வாசிதான் இருந்தது. பேன்ட் முன்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. ஸ்கூட்டர் பெண்களில் ஒருத்தி, மாமா குளிச்சுட்டுத்தான் வந்தாரு, மறுபடியும் எதுக்குக் குளிக்கறாரு என்று கேட்டது காதில் விழுந்தது.

தண்ணீர் பேசியது எனக்குப் புரிந்தது. அது அளவு சொல்லும் ஜாதி. மடியில் கொட்டினால் கிளட்சும் ஆக்சிலேட்டரும் குற்றவாளிகள். ஹேண்டில்பார் பக்கம் கொட்டினால் பிரேக். பக்கவாட்டில் கொட்டினால் வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தை இருமல் மருந்து மூடியால் அளந்து குறித்துவைத்தேன். முதல் நாள் சிந்தியது எழுநூற்று முப்பது மில்லி.

பன்னிரண்டு நாள் வகுப்பு. முன்பிரேக்கை இரண்டு விரலால் தொட்டு, வண்டி முன்னால் சாய்ந்து அமர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டக் கற்றேன். நிற்பதற்கு முந்தின நொடி பிரேக்கை லேசாக விட்டுவிட்டால், குலுங்காமல் வண்டி தானே அடங்குவதைக் கற்றேன். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினை வேலை செய்யவிடக் கற்றேன். முன்சக்கரத்தைப் பார்க்காமல், போகப்போகிற இடத்தைப் பார்க்கக் கற்றேன். தூரத்தில் ஆடு தெரியும்போதே ஆக்சிலேட்டரை மெல்ல விட்டுவிட்டால் ஆட்டின் பக்கத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. நாற்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆடு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஒவ்வொன்றைக் கற்றபோதும், இது தெரியாமல் அவளை எங்கெல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம் என்பதும் கூடவே வந்தது.

வகுப்பு முடிந்த பிறகு தினமும் விடிகாலையில் குளத்துக்கரைச் சாலையிலும் பாப்பம்பட்டிப் பக்கமும் தனியாகப் பழகினேன். ஆகஸ்டில் நூற்றைம்பது மில்லி. செப்டம்பரில் நாற்பது. அதற்குக் கீழே இறங்கவில்லை. வீட்டுக்குள் வரும்போது மடி ஈரம் மட்டும் இருக்கும். பேன்ட்டை நானே அலசிக் கொடியில் போட்டுவிடுவேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பரில் மைத்துனர் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பஸ்ஸிலேயே போனோம். ஆனால் தம்பி மனைவியின் மனம் கோணக்கூடாது என்று அவள் அந்தக் கத்தரிப்பூ சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவை முந்தானைபோல் தோளில் சுற்றி, இடுப்பில் செருகி, பந்தலில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பொண்ணு காலேஜுக்குக் கிளம்பீருச்சா என்று அவள் வயதுக்காரி ஒருத்தி கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். கை மட்டும் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தது.

பந்திக்கு முன்னால் மைத்துனர் என்னைக் கிணற்றுப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். சுற்றிவளைத்து மழையில்லை, தேங்காய்க்கு விலையில்லை என்று பேசினார். பிறகு குரலைத் தணித்தார்.

“மச்சானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அக்கா சொல்லுச்சு. தெனமும் விடியக்காலம் வெளிய போய்ட்டு பேன்ட் ஈரமா வாரீங்களாமா. வயசானா எல்லார்க்கும் வாரதுதானுங்க. ஈரோட்டுல நல்ல டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. மறுபடியும் ஒருவர் எனக்கு மரியாதையாக வழி விடுகிறார். ஆமாம் மாப்பிள்ளை, போகலாம் என்றால் முடிந்தது. மூத்திரக் கோளாறு என்று பெயர் வாங்குவதுகூட எனக்கு அந்த நேரத்தில் சுலபமாகத் தெரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வாய் ‘ஆ’ வரை வந்துவிட்டது. அவர் தோளுக்கு மேல் பந்தல் தெரிந்தது. கடைசி நாற்காலியில் அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அது தண்ணிங்க மாப்ள. போசித் தண்ணி. வண்டி ஓட்டிப் பழகறேன்.”

அவருக்குப் புரியவில்லை. நாற்பது வருடம் ஓட்டியவர் எதற்குப் பழக வேண்டும் என்று கேட்டார்.

“அன்னைக்குச் சேலை சிக்கலீங்க. நான் இன்ஜினை அமத்திப்போட்டு மலை எறங்குனேன். பிரேக் புடிக்கலை. நாந்தான் உங்கக்காளைக் கீழ தள்ளுனது.”

அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஏன் அக்கா அப்படிச் சொன்னது என்று கிணற்றைப் பார்த்தே கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், நேரமாச்சு, சாப்பிட வாங்க என்றார். பந்தியில் என் பக்கத்தில் நின்று, இலைக்கு இன்னொரு கரண்டி ரசம் விடச் சொன்னார். ஊருக்குக் கிளம்பும்வரை அவர் பேச்சில் ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை. ஆனால் மச்சான் என்று ஒருமுறையும் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன், சேலை சிக்காததையும் போசித் தண்ணீரையும் தம்பியிடம் சொல்லிவிட்டேன் என்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தெரியும், தம்பி முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது என்றாள். பல்லடம் தாண்டிய பிறகு அவளே பேசினாள்.

“நீங்க மட்டுந்தான் எண்ணுவீங்களா? அன்னைக்கு மலைக்குப் போறப்ப இதே பல்லடம் வாரதுக்குள்ள என் தோளு உங்க முதுகுல முப்பத்தொரு தடவ இடிச்சுது. எப்பவும் அப்படித்தானுங்க.”

நான் எதையெல்லாம் எண்ணியிருக்கிறேன் என்று யோசித்தேன். படிக்கட்டு, கிலோமீட்டர், வந்து பார்த்துப் போனவர்கள். இதை எண்ணவில்லை. இனி வண்டியில் வருவாயா என்று கேட்டேன். அந்தப் போசியில் இப்போது எவ்வளவு சிந்துகிறது என்று கேட்டாள். நாற்பது மில்லி என்றேன்.

“அதும் சிந்தாதப்ப சொல்லுங்க,” என்றாள்.

மறுநாள் முதல் போசியை அவளே நிரப்பிக் கொடுத்தாள். சேலைதான் கட்டியிருந்தாள். திரும்பி வந்ததும் வாங்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள், தென்னைமரத்தில் ஊற்றிவிடுவாள். இப்படி இருபத்தாறு நாள். நாற்பது, முப்பத்தைந்து, ஒருநாள் நாய் குறுக்கே வந்து தொண்ணூறு. விளிம்பு வரை நிரப்பிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவர யாராலும் முடியாது என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

இருபத்தேழாவது நாள் போசி கை எடைக்கே குறைவாக இருந்தது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாப்பம்பட்டிப் பிரிவு வரை போய்த் திரும்பினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள், மரத்தில் ஊற்றினாள், கையைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்துவந்தாள்.

சந்தை இரண்டரைக் கிலோமீட்டர். பச்சைச் சேலையை இழுத்துச் செருகி, ஒருபக்கமாக உட்கார்ந்தாள். வேகத்தடை நான்கு, சிக்னல் ஒன்று, குறுக்கே வந்த ஆட்டோ ஒன்று. என் முதுகு முழுவதும் காதாக இருந்தது. சந்தை வாசலில் நிறுத்தி, அவள் இறங்கும்வரை இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கிச் சேலையைச் சரிசெய்தாள்.

“ரெண்டு,” என்றாள்.

சொல்லிவிட்டுக் காய்கறிக் கடைப்பக்கம் போனாள். திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அப்படியே வந்தாள்.

அன்று மலையிறக்கத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த அறுபது மில்லி பெட்ரோலின் விலை ஆறு ரூபாய் பதினெட்டு காசு. ஆஸ்பத்திரி, கைக்குப் பயிற்சி, பிரேக் ஷூ, பன்னிரண்டு நாள் வகுப்பு எல்லாம் சேர்த்து, மைத்துனர் வாங்க மறுத்தும் அவர் மேஜையில் நான் வைத்துவிட்டு வந்த இரண்டு சுடிதாரின் விலையையும் கூட்டினால், நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.